சிஸ்டம் பைல்களுக்கும் ஒரு பாஸ்புக்!

விண்டோஸ் 10 தொகுப்பிற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக் கொண்டது. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் பழைய கம்ப்யூட்டரைக் குப்பையில் போட மனம் வராதவர்களில் பலர், லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு தொகுப்பினை அதில் பதிந்து பயன்படுத்துகின்றனர். நல்ல முடிவுதான். ஆனால் இப்படி லினக்ஸ் பக்கம் புதிதாக வந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இண்டர்நெட்டில் சொன்னபடி ஒரு பைலைத் திறந்து ஒரே ஒரு வரி சேர்த்தேன். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. அந்த பைலில் முன்பு என்ன இருந்தது என்று எப்படித் தெரிந்து கொள்வது?"

முன்கூட்டியே ஒரு சிறிய ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடும். அந்த ஏற்பாடு இல்லாதவருக்கு நான் தரக்கூடிய பதில் பெரும்பாலும் ஊகம்தான். அதை எப்படிச் செய்வது என்று இங்கே பார்ப்போம். மொத்தம் நான்கைந்து கட்டளைகள்தான். புரோகிராமிங் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டு குறிப்புகள். கட்டளைகளை எல்லாம் தமிழ் ஒலிப்பில் தந்திருக்கிறேன். அவற்றை டெர்மினல் விண்டோவில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்ட வேண்டும். குழப்பம் வரக்கூடிய இடங்களில் எழுத்துகளைத் தனித்தனியே சொல்லிவிடுகிறேன்.

எட்சி டைரக்டரி

லினக்ஸ் சிஸ்டத்தின் பொதுவான செட்டிங்ஸ் அநேகமாக எல்லாமே ஒரே டைரக்டரியில் இருக்கின்றன. அதன் பெயர் எட்சி (இ, டி, சி என்ற மூன்று எழுத்துகள், முன்னால் ஒரு சாய்கோடு). யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் பெயர் இது. "இன்ன பிற" என்று நாம் சொல்வோமே, அதன் ஆங்கிலச் சுருக்கம்தான். பெயர் என்னவோ ஓரமாகத் தள்ளிவிட்ட மாதிரி இருக்கிறது. உள்ளே இருப்பவை அப்படி இல்லை. எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்வது எஃப்எஸ்டேப் பைல். நெட்வொர்க்கில் இருக்கும் கம்ப்யூட்டர், பிரிண்டர் பெயர்களை எண்களோடு பொருத்துவது ஹோஸ்ட்ஸ் பைல். யூசர்களின் பாஸ்வேர்ட் விவரம் ஷேடோ பைலில். கீபோர்டு, நேர மண்டலம், பிரிண்டர் என்று பட்டியல் நீளும். (விண்டோஸிலும் ஹோஸ்ட்ஸ் பைல் இருக்கும் போல்டரின் பெயர் எட்சிதான். சிஸ்டம்32, அதனுள் டிரைவர்ஸ், அதனுள் எட்சி என்று போய்ப் பார்க்கலாம்.)

விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு ஓர் ஆறுதல். எட்சியில் உள்ளவை பெரும்பாலும் சாதாரண டெக்ஸ்ட் பைல்கள். திறந்தால் படிக்கலாம். டெக்ஸ்ட் பைலாக இருப்பதால் இரண்டு பதிப்புகளுக்கு இடையே எந்த வரி மாறியது என்று கம்ப்யூட்டரே ஒப்பிட்டுச் சொல்லிவிட முடியும். நாம் பார்க்கப் போகும் வழி இதை வைத்துத்தான் இயங்குகிறது.

காப்பி எடுத்து வைத்தால் போதாதா?

பைலை மாற்றும் முன் அதன் பெயரோடு "பேக்", "ஓல்டு" என்று ஏதாவது ஒட்டி ஒரு காப்பி வைத்துக் கொள்வது பலரின் பழக்கம். ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த டைரக்டரியைத் திறந்து பாருங்கள். எஃப்எஸ்டேப் ஓல்டு, எஃப்எஸ்டேப் ஓல்டு2, எஃப்எஸ்டேப் நியூ, எஃப்எஸ்டேப் ஓகே என்று வரிசையாக நிற்கும். இதில் எது கடைசியாக நன்றாக வேலை செய்தது, எதை ஏன் மாற்றினோம் என்பதெல்லாம் அந்தப் பெயர்களில் இருக்காது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. எட்சியில் சில டைரக்டரிகளில் உள்ள பைல்களை சிஸ்டம் மொத்தமாகப் படிக்கும். உதாரணமாக மவுஸ், டச்பேட் போன்றவற்றுக்கான எக்ஸ் ஆர்க் செட்டிங்ஸ் டைரக்டரியில் "கான்ஃப்" என்று முடியும் பைல்கள் அனைத்தும் படிக்கப்படும். அங்கே நீங்கள் காப்பி எடுத்து, கடைசியில் "கான்ஃப்" அப்படியே இருக்கும்படி பெயர் மட்டும் மாற்றி வைத்தால், பழைய செட்டிங்கும் சேர்ந்து செயல்படும். புதிய பைலில் மாற்றிய பிறகும் ஏன் எதுவும் மாறவில்லை என்று தலையைப் பிய்த்துக் கொள்ள வேண்டியதுதான்.

லினக்ஸ் மின்டில் உள்ள டைம்ஷிஃப்ட், விண்டோஸில் உள்ள சிஸ்டம் ரீஸ்டோர் ஆகியவை வேறு வகை. மொத்த சிஸ்டத்தையும் முன்பிருந்த ஒரு நாளுக்குத் திருப்பி எடுத்துச் செல்பவை. அவையும் தேவை, நான் டைம்ஷிஃப்டை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வரியைச் சரி செய்ய மொத்த சிஸ்டத்தையும் பின்னோக்கி இழுக்கும்போது, இடையில் வந்த அப்டேட்களும் நீங்கள் இன்ஸ்டால் செய்த புரோகிராம்களும் சேர்ந்தே போய்விடும். எந்த வரி தவறு என்பதும் தெரியாமலே போகும். அடுத்த வாரம் அதே வரியை மறுபடியும் சேர்ப்பீர்கள்.

பதிப்புக் கட்டுப்பாடு

புரோகிராம் எழுதுபவர்களுக்கு இந்தப் பிரச்னை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் என்பவர் 1972-ல் எஸ்சிசிஎஸ் என்ற தொகுப்பினை உருவாக்கினார். ஒரு பைலின் எல்லாப் பதிப்புகளையும், யார் எப்போது மாற்றினார்கள் என்ற குறிப்போடு சேர்த்து வைக்கும் தொகுப்பு இது. 1980-களின் தொடக்கத்தில் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி எழுதிய ஆர்சிஎஸ் வந்தது. இது கடைசிப் பதிப்பை முழுதாக வைத்துக் கொண்டு, பழைய பதிப்புகளை வித்தியாசங்களாக மட்டும் சேமிக்கும். யூனிக்ஸ் சர்வர்களைப் பார்த்துக் கொண்டவர்கள் எட்சியில் உள்ள பைல்களை இந்த ஆர்சிஎஸ் மூலம்தான் வெகு காலம் பாதுகாத்து வந்தார்கள். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் (ஜி, ஐ, டி) என்பதை எழுதினார். லினக்ஸ் கெர்னல் குழு அதுவரை பயன்படுத்தி வந்த பிட்கீப்பர் தொகுப்பின் இலவச அனுமதி திரும்பப் பெறப்பட்டதால், வேறு வழியின்றி எழுதியது. இன்று உலகம் முழுக்க அதுதான்.

இதை உங்கள் வங்கி பாஸ்புக் போல நினைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பதிவு. தேதி, நேரம், யார் செய்தது, எதற்காக என்ற ஒரு வரிக் குறிப்பு. இந்தப் பதிவுக்குப் பெயர் "கமிட்". ஆனால் வங்கியில் இல்லாத வசதி ஒன்று இங்கே இருக்கிறது. எந்தப் பதிவுக்கும் திரும்பிப் போய், அன்று இருந்த பைலை அப்படியே எடுத்துக் கொள்ளலாம்.

கிட் மட்டும் ஏன் போதாது?

எட்சி டைரக்டரிக்குள் போய் நேரடியாக கிட் தொடங்கலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். தொடங்கலாம். ஆனால் கிட் புரோகிராமர்களுக்காக எழுதப்பட்டது. ஒரு பைலை யார் படிக்கலாம், யார் எழுதலாம், அதன் உரிமையாளர் யார் என்ற அனுமதி விவரங்களை அது சேமிப்பதில்லை. இயக்கக்கூடிய பைலா இல்லையா என்பதை மட்டும் குறித்துக் கொள்ளும். காலியான டைரக்டரிகளையும் கண்டு கொள்ளாது. எட்சியில் இவை இரண்டுமே முக்கியம். பாஸ்வேர்ட் விவரம் உள்ள ஷேடோ பைல் யாரும் படிக்கும்படி திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

டெபியன் குழுவில் இருந்த ஜோய் ஹெஸ் 2007-ல் எழுதிய எட்சிகீப்பர் இந்தக் குறையைத் தீர்க்கிறது. பின்னணியில் கிட் தான் வேலை செய்யும். அனுமதி விவரங்களையும் காலி டைரக்டரிகளையும் தனியாக ஒரு பைலில் குறித்து வைத்து, அதையும் வரலாற்றில் சேர்த்துவிடும். நீங்கள் ஒரு புரோகிராமை இன்ஸ்டால் செய்தாலும் நீக்கினாலும், அதற்கு முன்னும் பின்னும் தானாகவே கமிட் செய்திடும். தினமும் ஒரு முறை, பதிவாகாத மாற்றம் ஏதாவது இருந்தால் அதையும் பதிந்துவிடும். மறதிக்காரர்களுக்கு ஏற்றது.

இன்ஸ்டால் செய்வோம்

மின்ட், உபுண்டு, டெபியன் மூன்றிலும் இதே கட்டளைதான். டெர்மினல் விண்டோவைத் திறந்து (கண்ட்ரோல், ஆல்ட், டி கீகளைச் சேர்த்து அழுத்தினால் போதும்) இப்படி டைப் செய்திடுங்கள்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எட்சிகீப்பர்

சூடோ என்பது எஸ், யு, டி, ஓ. ஆப்ட் என்பது ஏ, பி, டி. எட்சிகீப்பர் என்பதில் இ, டி, சி எழுத்துகளோடு "கீப்பர்" என்ற ஆங்கிலச் சொல்லை இடைவெளி விடாமல் சேர்க்க வேண்டும். பாஸ்வேர்ட் கேட்கும். டைப் செய்யும்போது திரையில் புள்ளி கூடத் தெரியாமல் போகலாம். கீபோர்டு பழுதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். கிட் உங்களிடம் இல்லை என்றால் அதுவும் சேர்ந்தே வரும்.

இன்ஸ்டால் முடியும்போதே எட்சி டைரக்டரியின் முதல் கமிட் தானாக நடந்துவிடும். நடந்ததா என்று பார்க்க:

சூடோ எட்சிகீப்பர் விசிஎஸ் லாக்

விசிஎஸ் என்பது வி, சி, எஸ் என்ற மூன்று எழுத்துகள். "பின்னால் வரும் கட்டளையை எட்சி டைரக்டரிக்குள் கிட்டிடம் கொடு" என்று இதற்கு அர்த்தம். பட்டியல் ஒன்று திரையில் வரும். அதிலிருந்து வெளியே வர க்யூ எழுத்தைத் தட்டுங்கள். இது தெரியாமல் டெர்மினல் விண்டோவையே மூடிவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வேளை பட்டியல் வராமல், இன்னும் எதுவும் பதிவாகவில்லை என்ற செய்தி வந்தால், "சூடோ எட்சிகீப்பர் இனிட்" என்று ஒரு முறை கொடுத்துவிட்டு, அடுத்து வரும் கமிட் கட்டளையைக் கொடுங்கள்.

பழகிப் பார்க்க ஹோஸ்ட்ஸ் பைல்

முதலில் ஆபத்தில்லாத ஒரு பைலில் பழகுவோம். வீட்டு நெட்வொர்க்கில் உள்ள பிரிண்டருக்கு 192.168.1.50 என்ற எண் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அதற்கு ஒரு பெயர் கொடுக்கலாம். "சூடோ நானோ" என்று கொடுத்து, ஓர் இடைவெளி விட்டு, எட்சியில் உள்ள ஹோஸ்ட்ஸ் பைலின் முழுப் பாதையையும் கொடுத்தால் பைல் திறக்கும். கடைசியில் அந்த எண்ணையும், ஓர் இடைவெளி விட்டு பிரிண்டர் என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் சேர்த்திடுங்கள். கண்ட்ரோலும் ஓ எழுத்தும் சேர்த்து அழுத்தி என்டர் தட்டினால் சேமிக்கும். கண்ட்ரோலும் எக்ஸும் அழுத்தினால் வெளியே வரலாம். இப்போது:

சூடோ எட்சிகீப்பர் விசிஎஸ் டிஃப்

டிஃப் என்பதில் கடைசியில் இரண்டு எஃப். எந்த பைலில் எந்த வரி மாறியிருக்கிறது என்று திரையில் வரும். புதிதாகச் சேர்ந்த வரியின் முன்னால் கூட்டல் குறி. நீக்கப்பட்ட வரியின் முன்னால் கழித்தல் குறி. ஒரு வரியைத் திருத்தியிருந்தால் பழையது கழித்தலோடும் புதியது கூட்டலோடும் இரண்டு வரியாகத் தெரியும். சிஸ்டம் பைல் எதை மாற்றினாலும், மாற்றியவுடன் இந்த டிஃப் கட்டளையைக் கொடுத்துப் படிக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக் கொள்ளுங்கள். கை தவறி அழிந்த ஒரு எழுத்து கூட இங்கே மாட்டிக் கொள்ளும்.

எல்லாம் சரியாக இருந்தால் பதிந்துவிடலாம்:

சூடோ எட்சிகீப்பர் கமிட் "பிரிண்டருக்குப் பெயர் கொடுத்தது"

மேற்கோள் குறிக்குள் இருப்பது உங்கள் குறிப்பு. இதைத் தமிழிலேயே எழுதலாம். கிட்டுக்கு எந்தச் சிரமமும் இல்லை. "மாற்றம்", "சோதனை" என்று எழுதாதீர்கள். ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். என்ன மாறியது என்பதை டிஃப் சொல்லிவிடும். காரணத்தை உங்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது.

சரியாக இல்லை, பழையபடியே வேண்டும் என்று நினைத்தால் கமிட் செய்யாமல் இப்படிக் கொடுங்கள்:

சூடோ எட்சிகீப்பர் விசிஎஸ் செக்அவுட் -- ஹோஸ்ட்ஸ்

செக்அவுட் ஒரே சொல். அதன் பின் இடைவெளி, இரண்டு ஹைபன், மீண்டும் இடைவெளி. "இதன் பின்னால் வருவது பைல் பெயர்" என்று கிட்டுக்குச் சொல்வதற்காகவே அந்த ஹைபன்கள். கடைசியாகப் பதிவான ஹோஸ்ட்ஸ் பைல் திரும்பி வந்துவிடும். பதியாத மாற்றம் போய்விடும் என்பதால், பைல் பெயரைச் சரியாகக் கொடுத்திருக்கிறோமா என்று பார்த்துவிட்டு என்டர் தட்டவும்.

ஒரு கடையில் நடந்தது

இனி ஆபத்தான பைலுக்கு வருவோம். எங்கள் தெருவில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பரின் கம்ப்யூட்டரில் மின்ட் பதிந்து கொடுத்தபோது எட்சிகீப்பரையும் சேர்த்துப் போட்டிருந்தேன். ஒரு நாள் காலை போன் செய்தார். "சார், நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. நான் ஒண்ணுமே பண்ணலை. இப்ப கறுப்பா நிக்குது." உதவித் தொகைக்கு விண்ணப்பிக்க நான்கு மாணவர்கள் ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ்கள் உள்ளே. மறுநாள் கடைசி நாள்.

போய்ப் பார்த்தால், ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாகத் திரையில் ஒரு செய்தி. கூடவே ஒன்றரை நிமிடம் வரை ஓடும் ஒரு கடிகாரம். அது முடிந்ததும் அவசர நிலையில் இருப்பதாகச் சொல்லி நின்றுவிடுகிறது. எஃப்எஸ்டேப் பைலில் குறிப்பிட்டுள்ள ஒரு டிஸ்க் இல்லாதபோது லினக்ஸ் இப்படித்தான் நடந்து கொள்ளும். 90 விநாடி பார்த்துவிட்டு, அது இல்லாமல் மேலே போவது சரியில்லை என்று முடிவு செய்து நின்றுவிடும்.

நண்பர் சொன்னது உண்மைதான். அவர் எந்த பைலையும் தொடவில்லை. சத்தம் வருகிறதே என்று இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கை முந்தின நாள் இரவு கழற்றி சர்வீசுக்கு அனுப்பியிருந்தார். அதை அவர் "கம்ப்யூட்டரில் ஏதோ செய்தது" என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை.

மின்ட் இன்ஸ்டால் செய்த அதே பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கினேன். டெஸ்க்டாப் வந்ததும் பைல் மேனேஜரில் ஹார்ட் டிஸ்க்கைக் கிளிக் செய்து, எட்சி டைரக்டரிக்குள் போய், ரைட் கிளிக் செய்து டெர்மினலை அங்கேயே திறந்தேன். இப்படிச் செய்தால் நீளமான பாதையை டைப் செய்யும் வேலை இல்லை. பென் டிரைவில் இருந்து இயங்கும் சிஸ்டத்தில் கிட் இல்லை என்றால் "சூடோ ஆப்ட் அப்டேட்", பிறகு "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கிட்" கொடுத்து அப்போதைக்குச் சேர்த்துக் கொள்ளலாம். இண்டர்நெட்டுக்கு மொபைல் போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்தால் போதும். கம்ப்யூட்டரை நிறுத்தியதும் அது மறைந்துவிடும். பிறகு:

சூடோ கிட் லாக் --ஒன்லைன் -- எஃப்எஸ்டேப்

இங்கே எட்சிகீப்பர் கட்டளை வேண்டாம். நேராக கிட் தான். முதல் இரண்டு ஹைபன்களும் ஒன்லைன் என்பதோடு ஒட்டி வரும். எஃப்எஸ்டேப் என்பது எஃப், எஸ், டி, ஏ, பி. இரண்டே வரி வந்தது. கீழே முதல் கமிட். மேலே, கடையில் மாலையில் உதவிக்கு வரும் மருமகன் எழுதிய குறிப்பு: இரண்டாவது ஹார்ட் டிஸ்க், பழைய ஸ்கேன் பைல்களுக்காக. தம்பி நல்ல பிள்ளை, காரணத்தை எழுதியிருந்தான். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் இருக்கும். அந்தப் பதிவின் பெயர் அது. டிஸ்க் சேர்ப்பதற்கு முந்தைய பதிவின் அடையாளத்தைக் கொடுத்து அந்த பைலை மட்டும் திரும்ப எடுத்தேன்:

சூடோ கிட் செக்அவுட் (அடையாளம்) -- எஃப்எஸ்டேப்

அடைப்புக்குறி இல்லாமல் அடையாளத்தை மட்டும் டைப் செய்ய வேண்டும். பென் டிரைவை எடுத்துவிட்டு மறுபடி இயக்கியதும் வழக்கம்போல டெஸ்க்டாப் வந்தது. மாணவர்களின் பைல்கள் முதல் டிஸ்க்கில்தான் இருந்தன; எதுவும் ஆகவில்லை. வரலாறு இல்லாமல் இருந்திருந்தாலும் அந்த வரியைத் தேடிப் பிடித்து நீக்கியிருக்கலாம். ஆனால் ஏழெட்டு வரிகளில், நீள நீளமான டிஸ்க் அடையாள எண்களுக்கு நடுவே, எது தேவையான வரி எது தேவையில்லாத வரி என்று ஒரு கடைக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? தவறான வரியை நீக்கினால் மற்ற டிஸ்க்கும் வராது.

சர்வீஸ் முடிந்து டிஸ்க் திரும்பி வந்தபோது அந்த வரியை மறுபடி சேர்த்தோம், ஒரு திருத்தத்தோடு. நான்காவது இடத்தில் "டீபால்ட்ஸ்" என்று இருக்கும் சொல்லின் பின், ஒரு கமா போட்டு, இடைவெளி விடாமல் "நோஃபெயில்" என்று சேர்த்தால், டிஸ்க் இல்லாவிட்டாலும் சிஸ்டம் நிற்காமல் மேலே போகும். வெளியே செருகிக் கழற்றும் டிஸ்க் எதற்கும் இந்தச் சொல் அவசியம் என்பது என் கருத்து. எஃப்எஸ்டேப் பைலை மாற்றிய பின், ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் "சூடோ மவுன்ட் -ஏ" என்று கொடுத்துப் பாருங்கள். தவறு இருந்தால் அப்போதே செய்தி வரும்.

அப்டேட் கேட்கும் கேள்வி

சிஸ்டம் பைல்களை மாற்றுவது நாம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அப்டேட்களும் மாற்றும். சில நேரம் அப்டேட் நடுவே நின்று ஒரு கேள்வி கேட்கும்: இந்த செட்டிங்ஸ் பைலை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், புதிய பதிப்பும் வந்திருக்கிறது, எதை வைத்துக் கொள்வது? வொய் என்றால் புதியது. என் என்றால் உங்களுடையது. டி என்றால் வித்தியாசத்தைக் காட்டும். வெறும் என்டர் தட்டினால் உங்களுடையதே இருக்கும். புதியவர்கள் இந்த இடத்தில் வியர்த்துப் போவார்கள். எட்சிகீப்பர் இருந்தால் கவலையில்லை. அப்டேட் தொடங்கும் முன்பே உங்கள் பைல் பதிவாகிவிட்டது. எந்தப் பதில் கொடுத்தாலும் மற்றதைத் திரும்ப எடுக்கலாம், அல்லது முடிந்த பிறகு லாக் பார்த்து நிதானமாக முடிவு செய்யலாம்.

"போன வாரம் வரை சத்தம் வந்தது, இப்போது வரவில்லை" என்பது போன்ற புகார்களுக்கும் நான் முதலில் பார்ப்பது இந்த லாக்தான். எந்தத் தேதியில் எந்தப் பேக்கேஜ் வந்தது, அதனால் எட்சியில் எந்த பைல்கள் மாறின என்று வரிசையாக இருக்கும். லாக் என்ற சொல்லின் பின் இடைவெளி விட்டு "-பி" (ஹைபனும் பி எழுத்தும்) சேர்த்தால், ஒவ்வொரு பதிவிலும் மாறிய வரிகளையும் சேர்த்தே காட்டும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, மிக முக்கியமானது. எட்சியின் வரலாற்றில் ஷேடோ பைலும் இருக்கிறது. உங்கள் வைஃபை பாஸ்வேர்டும் எட்சிக்குள்தான், படிக்கக்கூடிய எழுத்துகளிலேயே இருக்கும். அதனால்தான் எட்சிகீப்பர் தன் சேமிப்பு டைரக்டரியை ரூட் யூசர் தவிர வேறு யாரும் திறக்க முடியாதபடி பூட்டி வைக்கிறது; நாமும் ஒவ்வொரு கட்டளையிலும் சூடோ போடுகிறோம். கிட் என்றாலே கிட்ஹப் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். இதை ஏற்றாதீர்கள். ஒரு பாஸ்வேர்ட் ஒரு முறை வரலாற்றில் ஏறிவிட்டால், பைலை நீக்கினாலும் பழைய பதிவில் அது இருந்து கொண்டே இருக்கும்.

வரலாறு இருப்பதும் அதே ஹார்ட் டிஸ்க்கில்தான். டிஸ்க் போனால் அதுவும் போகும். மாதம் ஒரு முறை எட்சி டைரக்டரி முழுவதையும் டார் கட்டளையால் ஒரே பைலாகச் சுருக்கி, பென் டிரைவில் வைத்துக் கொள்ளுங்கள். சாதாரணமாக இழுத்துப் போட்டுக் காப்பி செய்தால் அனுமதி விவரங்கள் கலைந்துவிடும். டார் அவற்றைச் சேர்த்தே கட்டும். அந்தப் பென் டிரைவையும் கண்டவரிடம் கொடுக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய பைலைத் திரும்ப எடுத்த பிறகு, கம்ப்யூட்டர் வழக்கம்போல இயங்கும்போது, "சூடோ எட்சிகீப்பர் இனிட்" என்று ஒரு முறை கொடுத்தால் குறித்து வைத்த அனுமதி விவரங்கள் மீண்டும் பொருத்தப்படும். ஷேடோ போன்ற பைல்களைத் திரும்ப எடுத்தால் இதை மறக்கக் கூடாது. பின்னர் ஒரு கமிட்டும் செய்திடுங்கள். திரும்ப எடுத்ததும் வரலாற்றில் ஒரு பதிவாக இருக்கட்டும்.

பைல் திரும்பி வந்ததும் எல்லாம் உடனே சரியாகிவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். சில பைல்களை சிஸ்டம் நேரடியாகப் படிப்பதில்லை. கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவின் செட்டிங்ஸ் எட்சிக்குள் டீபால்ட் என்ற டைரக்டரியில் உள்ளது. அதை மாற்றினாலும் திரும்ப எடுத்தாலும் "சூடோ அப்டேட்-கிரப்" கொடுத்த பிறகுதான் பலன் தெரியும். வேறு சில பைல்களுக்கு அந்த சர்வீஸை நிறுத்தித் தொடங்க வேண்டும்.

வால்பேப்பர், பிரவுசர் புக்மார்க், உங்கள் கடிதங்கள், போட்டோக்கள் எதுவும் இதில் சேராது. அவை ஹோம் டைரக்டரியில் இருப்பவை. அவற்றுக்கு வழக்கமான பேக்கப் தனியே வேண்டும். நீக்கிவிட்ட புரோகிராமையும் எட்சிகீப்பர் திரும்பக் கொண்டு வராது. அதன் செட்டிங்ஸ் பைலை மட்டும்தான் தரும்.

டிஸ்க்கில் இடம் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்பவர்கள் "சூடோ டியு -எஸ்எச்" என்று கொடுத்து, ஓர் இடைவெளி விட்டு, எட்சிக்குள் உள்ள கிட் டைரக்டரியின் பாதையைக் கொடுத்துப் பார்க்கலாம். (டியு என்பது டி, யு. கிட் டைரக்டரியின் பெயர் ஒரு புள்ளியில் தொடங்கும்.) நீங்கள் மொபைலில் எடுத்து வைத்திருக்கும் ஏதாவது ஒரு வீடியோவின் அளவோடு அதை ஒப்பிட்டுக் கொள்ளுங்கள்.